மாதேரான் மலைக்குச் செல்லும் சிறு ரயில்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்முடைய இல்லங்களில் இந்நாட்களில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ஊருக்கு எப்போது போகிறோம்?” தாத்தாவின் வீட்டுத் திண்ணையும், தோட்டத்து மாமரமும், அத்தை மாமன் பிள்ளைகளும் குழந்தைகளின் கண்முன் வந்து நிற்கின்றன. ஆயினும் எல்லா ஆண்டும் ஊருக்குப் போக இயலுவதில்லை. ரயிலில் இடம் கிடைத்தால் அலுவலகத்தில் விடுப்புக் கிடைப்பதில்லை. இரண்டும் கிடைத்தால் கைப்பொருள் இடங்கொடுப்பதில்லை. அத்தகைய கோடையில் தாயும் தந்தையும் செய்யத் தக்கது, தாம் வாழும் நகரத்தையே பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவது. காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் ஒரு நாட் பயணத்துக்குச் செலவு சிறிது. பெறும் மகிழ்ச்சியோ பெரிது.

நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பம்பாய் நகரத்தை, 1995-ஆம் ஆண்டுமுதல் மும்பை என்று வழங்கிவரும் அந்த நகரத்தையே, இங்கு எடுத்துக்கொள்கிறேன். அந்நகரத்துக் குழந்தைகளின் கோடை உலாக்களுக்குச் சுவையான ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்துகொண்டு புறப்பட்டால், வழியில் பிள்ளைகள் கேட்கும் ஆயிரம் கேள்விகளுக்கு விடை சொல்லவும் உதவும்.

ஒரு நாளில் போய்த் திரும்புவது என்பதே ரயில் வந்த பிறகு தோன்றிய பழக்கம். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு, 34 கிலோமீட்டர் தொலைவு, நம் நாட்டின் முதற் பயணிகள் ரயில் ஓடிற்று. பதினான்கு வண்டிகளில் சுமார் 400 விருந்தினர் ஏறியிருந்தனர். 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கின. மூன்றே ஆண்டுகளில், 1856-இல், அவ்விருப்புப்பாதை கல்யாணைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமாகிய கோப்போலிவரை சென்றுவிட்டது. அடிவாரத்துச் சிற்றூராகிய நேரள், நகரத்திலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய இடமாயிற்று. நம் கதைக்கு இந்த நேரள் முக்கியமானது. அதற்குப் பிறகு வருவோம்.

நகரத்தினுள்ளேயே குழந்தைகள் முதலில் கேட்பது ராணி பாக். பைகலாவில் உள்ள இத்தோட்டம் 1862-இல் விக்டோரியா தோட்டம் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. இன்றைய பெயர் வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே உத்யானம். எனினும் ராணி பாக் என்று சொன்னால்தான் டாக்ஸி ஓட்டுநருக்கு உடனே விளங்குகிறது. 2017 மார்ச்சில் அங்கே பென்குவின் பறவைகளுக்குக் குளிரூட்டிய கூடம் திறந்த நாள்முதலாகக் கூட்டம் சொல்லி முடியாது. பிள்ளைகள் பென்குவினை நோக்கி ஓடுவார்கள், ஓடட்டும். ஆனால் திரும்பும்போது, அருகிலுள்ள டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் பக்கம் நிற்கும் கருங்கல் யானையை அவர்களுக்குக் காட்டாமல் வந்துவிடாதீர்கள்.

அந்த யானை கடல் கடந்து வந்தது. பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால் காராபுரி என்னும் தீவு இருக்கிறது. அங்கே கரையிறங்கும் இடத்துக்கு அருகே பெரிய கல்யானை ஒன்று நிற்பதைக் கண்ட போர்ச்சுகீசியர் தீவுக்கே எலிபெண்டா என்று பெயரிட்டனர். 1814-இல் யானையின் தலை கழன்று விழுந்தது. பிறகு உடலும் சரிந்தது. 1864-இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல ஆங்கிலேயர் முயன்றார்கள். பாரந்தூக்கி பளுவைத் தாங்காமல் முறிந்துபோகவே, யானை துண்டு துண்டாயிற்று. உடைந்த யானைக்குச் சீமைப் பயணம் எதற்கு என்று எண்ணினார்கள் போலும். துண்டுகள் ராணி பாக்கை வந்தடைந்தன. 1914-இல் அவற்றை ஒன்றுசேர்த்து நிறுத்தினார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டுப்போட்ட வரிகள் தெரியும். உடைந்ததனால் ஊரிலேயே தங்கிவிட்ட யானை என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் அதனை மறப்பதில்லை.

யானையைப் பார்த்தவர்கள் அது பிறந்த தீவையும் பார்க்க வேண்டுமல்லவா? 1924-இல் திறக்கப்பட்ட கேட்வே ஆப் இந்தியாவின் படித்துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைக் கோயில். அதன் உட்சுவரில் மூன்று முகங்களுடன் ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரத்தில் அமைந்த சதாசிவ மூர்த்தி. மாமல்லபுரத்தை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. குழந்தைகளுக்கோ படகுதுறையிலிருந்து படிக்கட்டின் அடிவரை செல்லும் பொம்மை ரயிலே பெரிதாகத் தோன்றும். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். 2024 டிசம்பரில் இக்கடல்வழியில் நேர்ந்த கொடிய படகு விபத்தை நினைவிற்கொண்டு, உயிர்காப்பு அங்கியைக் குழந்தைக்கு மாட்டாமல் படகில் ஏறலாகாது. ‘வியர்க்கிறது’ என்று அது அழுதாலும் சரியே.

இனி நேரளுக்கு வருவோம்.

நேரளுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், தட்டையான உச்சியும் அடர்ந்த காடும் உடைய மலை மாதேரான். மராத்தியில் ‘மாதா’ என்றால் தலை, நெற்றி. ‘ரான்’ என்றால் காடு. மலையின் தலையில் வளர்ந்த காடு என்று பொருள் கொள்வர். 1850 மே மாதம் தாணா மாவட்டத்துக் கலெக்டர் ஹியூ பாயின்ட்ஸ் மாலெட் என்பவர் அடிவாரத்தில் முகாமிட்டிருந்தபோது மலைமேல் ஏறினார். அங்கிருந்த குளிர்ச்சியைக் கண்டு வியந்தார். பின்னர் வந்து வீடும் கட்டினார். அவரே மாதேரானைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. காத்கரி, தாக்கர் முதலிய பழங்குடி மக்கள் அம்மலைச் சரிவுகளில் அதற்கு முன்னரே வாழ்ந்துவந்தார்கள். ஏரிக்கரையில் பிசார்நாத் என்னும் ஊர்த்தெய்வத்தின் கோயிலும் இருக்கிறது. ஆகவே, வெயில் தாங்காத ஆங்கிலேயர் அம்மலைக்கு வழி தெரிந்துகொண்ட ஆண்டு 1850 என்று சொல்வதே பொருந்தும். கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவுக்கு இடம் பிடித்துப்போகவே, சாலைகளும் விடுதிகளும் தோன்றின.

ஆனால் மேலே ஏறுவது எளிதன்று. நேரளில் ரயிலைவிட்டு இறங்கியவர்கள் மட்டக்குதிரையிலோ, பல்லக்கிலோ, கால்நடையாகவோதான் மலையேற வேண்டும். பல்லக்குக்குக் காசு உடையவர்களுக்கு மாதேரான். அல்லாதவர்களுக்கு அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பது. கைக்குழந்தையும் பாட்டியும் கூடிய குடும்பம் ஒன்று ஒரே நாளில் அங்கே போய்த் திரும்புவதை அக்காலத்தில் எண்ணிப் பார்த்திருக்கவும் முடியாது.

இந்நிலையை மாற்றியவர்கள் பம்பாய் வணிகர் சர் ஆதம்ஜி பீர்பாயும் அவர் மகன் அப்துல் உசேனும் ஆவர். ஆதம்ஜி, தாவூதி போஹ்ரா வகுப்பைச் சேர்ந்தவர். குஜராத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த குடும்பத்தார். சிறுவயதில் தெருவில் தீப்பெட்டி விற்றவர் என்று கூறுவர். பிற்காலத்தில் படைகளுக்குக் கூடாரமும் காலணியும் செய்து கொடுத்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். மாதேரானுக்கு இருப்புப்பாதை போடும் திட்டத்துக்கு அவருடைய பணம் முதலாயிற்று. மகன் நின்று கட்டினார். 1904-இல் வேலை தொடங்கி, 16 லட்சம் ரூபாய் செலவில், 1907 மார்ச் மாதத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. பிழைக்க வெளியூர் வந்தவர் ஒருவருடைய கைப்பொருளில் இப்பாதை உருவாயிற்று என்பதை, அவ்வாறே வந்து குடியேறிய நாம் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

நம் நாட்டின் மற்ற மலை ரயில்களோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். டார்ஜிலிங் ரயில் 1881-இல் முடிந்தது. நம் நீலகிரி ரயில் 1899-இல் குன்னூரையும், 1908-இல் உதகையையும் எட்டியது. கல்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903-இல் ரயில் வந்தது. டார்ஜிலிங் வங்காள அரசாங்கத்துக்கும், உதகை சென்னை அரசாங்கத்துக்கும், சிம்லா இந்தியப் பேரரசின் ஆட்சியாளர்களுக்கும் கோடைத் தலைநகரங்களாக விளங்கியவை. கோப்புகளும் குமாஸ்தாக்களும் ஆண்டுதோறும் மலையேறிய ஊர்கள். மாதேரானில் அத்தகைய அரசாட்சி ஏதும் இல்லை. காற்று வாங்கப் போகிறவர்களுக்காகவே, ஓர் இந்திய வணிகர் குடும்பத்தின் பணத்தில் அமைந்த பாதை இது. இச்சிறப்பு போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

பொறியியலிலும் வேறுபாடு உண்டு. மேட்டுப்பாளையத்தில் ரயிலேறிய நம் பிள்ளைகள் தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். என்ஜினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்னும் கடுமையான ஏற்றத்துக்கு அது வேண்டியிருக்கிறது. மாதேரான் பாதையில் இருபது அடிக்கு ஓர் அடி ஏற்றம், பற்சட்டம் கிடையாது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்பொன்றாலேயே வண்டி ஏறுகிறது. மலையைக் குடைவதற்குப் பதிலாக, மலையின் மடிப்புகளை ஒட்டி வளைந்து வளைந்து பாதையைக் கொண்டுபோனார்கள். பறவையின் வழியில் சில கல் தொலைவே ஆன நேரளும் மாதேரானும் அதனால் ரயிலில் 20 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக நீண்டுவிட்டன. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டே அடி. அவ்வளவு குறுகிய வளைவுகளில் சாதாரண என்ஜின் திரும்ப முடியாது. ஆகையால் ஜெர்மனியின் ஆரன்ஸ்டீன் - கோப்பல் நிறுவனம், வளைவுக்கேற்ப அச்சுகள் அசைந்து கொடுக்கும் நான்கு என்ஜின்களைச் செய்தளித்தது. 1980-களில் நீராவி ஓய்ந்து டீசல் என்ஜின்கள் முழுப் பொறுப்பையும் ஏற்றன. பழைய நான்கில் ஒன்றாகிய 738-ஆம் எண் என்ஜின் டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சாணக்கியபுரிப் பக்கம் வாழும் நேயர்கள் மாதேரான் போகாமலே அதனைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

வண்டியின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என்று நிலையங்கள். இரண்டாவது பெயர், என்ஜினுக்கு நீர் பிடித்த காலத்தை நினைவூட்டுகிறது. வழியில் ஒரே ஒரு குகைவழி உண்டு. அது மிகக் குறுகியது; காதலர் ஒரு முத்தம் இடுவதற்குள் கடந்துவிடும் என்று ஆங்கிலத்தில் வேடிக்கைப் பெயர் ஒன்று அதற்கு வழங்குகிறது. குழந்தைகள் கேட்டால் ‘ஒரு கூச்சல் குகை’ என்று சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் சென்ற வண்டியில் இருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே மூச்சில் கூவி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. வளைவுகளில் வண்டியின் வால் தலைக்கு எதிரே தெரியும். சன்னலோரத்து இருக்கைக்காக நடக்கும் சண்டையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. போகும்போது அண்ணன், வரும்போது தங்கை என்று புறப்படுமுன் தீர்த்து வைத்துவிடுவது நலம்.

இந்த ரயில் இன்றுவரை ஓடுவதே வியப்புக்குரியது. 2005 ஜூலையில் பெய்த பெருமழையில் பாதை அரித்துக்கொண்டு போயிற்று. செப்பனிட்டு 2007-இல், நூற்றாண்டு நிறைவையொட்டி, மீண்டும் ஓடவிட்டார்கள். 2016 மே மாதத்தில் சில நாள் இடைவெளியில் இருமுறை தடம் புரண்டதால் சேவை நிறுத்தப்பட்டது. 2017 அக்டோபரில் மேற்பகுதியில் மட்டும், 2018 ஜனவரியில் முழுப் பாதையிலும் மீண்டும் தொடங்கிற்று. 2019 மழைக்காலத்தில் திரும்பவும் பாதை சிதைந்தது. 2022 அக்டோபரில்தான் நேரளிலிருந்து மாதேரான்வரை வண்டி மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு முறையும் ‘இந்தச் சிறு ரயிலால் வருவாய் என்ன?’ என்று கேட்பவர்கள் இருந்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதனைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

மலைமேல் இறங்கியவுடன் குழந்தைகள் உணரும் முதற் புதுமை ஓசையின்மை. மாதேரானில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் மட்டுமே விலக்கு. காரில் வருகிறவர்களும் தஸ்தூரி என்னுமிடத்தில் அதனை நிறுத்திவிட வேண்டும். 2003-இல் மத்திய அரசு இம்மலையையும் சுற்றுப்புறத்தையும் சூழல் காப்புக்குரிய பகுதியாக அறிவித்தது. செம்மண் பாதை, மேலே கூரையிட்டாற்போல மரங்கள், கிளைக்குக் கிளை தாவும் பெரிய மலை அணில், குதிரைக் குளம்பொலி. நகரத்தில் பிள்ளையின் கையை இறுகப் பற்றியே நடந்து பழகிய தாய், இங்கே கையை விட்டுவிடுகிறாள்.

ஆனால் இந்த அமைதிக்கு ஒரு விலை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியுடனும் மகளுடனும் நான் அங்கு சென்றிருந்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. என் தாயாரும் உடன் வந்திருந்தார். முழங்கால் வலி உடையவர். அவருக்காகக் கைரிக்ஷா ஒன்றை அமர்த்தினோம். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, பாட்டியின் மடியில் பேத்தியும் ஏறி அமர்ந்துகொண்டாள். ஏற்றமான இடத்தில் இழுப்பவரின் மூச்சிரைப்பு எனக்கே கேட்டது. மகள் என்னைப் பார்த்து, “அப்பா, குதிரை இருக்கும்போது இந்த மாமா ஏன் இழுக்கிறார்?” என்று கேட்டாள். என்னால் விடை கூற இயலவில்லை. அவள் இறங்கி நடக்கத் தொடங்கினாள். என் தாயாரும் சிறிது தூரம் சென்றதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். பேசிய கூலியை முழுமையும் கொடுக்கும்படி எனக்கு உத்தரவிட்டார். ஆனால் அவர்களுக்கு அது மகிழ்ச்சியாக இருந்ததா என்று சொல்ல முடியாது. “நாளைக்கும் இறங்கி நடந்தால் நாங்கள் என்ன செய்வது?” என்று தள்ளியவர் மராத்தியில் சொல்லிச் சிரித்தார்.

காட்டைக் காக்க மோட்டாரைத் தடுத்தார்கள். மோட்டார் இல்லாமையால் கிழவரையும் நோயாளியையும் மூட்டைகளையும் மனிதனே இழுக்க நேர்ந்தது. இழுப்பதை நிறுத்தினால் இழுப்பவர் வீட்டில் அடுப்பெரியாது. இச்சிக்கல் பல ஆண்டுகள் அவிழாமல் கிடந்தது. மின்கலத்தால் ஓடும் ரிக்ஷாக்கள் வேண்டும் என்று ரிக்ஷா இழுப்போரே கோரி வந்தனர். காட்டுக்கு ஊறு வரும் என்றும், குதிரைக்காரர் பிழைப்புக் கெடும் என்றும் எதிர்ப்பு எழுந்தது. உச்சநீதிமன்றத்தின் அனுமதியோடு 2022 இறுதியில் சில மின்ரிக்ஷாக்கள் சோதனையாக ஓடின. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: மனிதன் மனிதனை இழுக்கும் வழக்கம் மனிதத் தன்மைக்கு ஒவ்வாதது, ஆறு மாதத்துக்குள் அதனை நிறுத்த வேண்டும், இழுத்தவர்களுக்கே மின்ரிக்ஷாக்கள் கிடைக்கும்படி மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும், பணமில்லை என்பதைக் காரணமாகச் சொல்லலாகாது. தீர்ப்புச் செய்தியை நாளிதழில் படித்தபோது மகளுக்கும் படித்துக் காட்டினேன். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அவளுக்கு, தான் கேட்ட கேள்வி நினைவில் இல்லை. பாட்டி இறங்கி நடந்தது நினைவிருக்கிறது.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். மும்பையிலிருந்து கர்ஜத் செல்லும் புறநகர் ரயிலில் நேரள் சுமார் இரண்டு மணி நேரம். விடியற்காலை வண்டியைப் பிடித்தால்தான் ஒரு நாளில் திரும்பலாம். சிறு ரயில்கள் நாளுக்குச் சிலவே ஓடுவதால் நேரத்தை முன்னதாகக் கேட்டறிந்து கொள்க. அதில் இடம் கிடைக்காவிட்டால் வாடகைக் காரில் தஸ்தூரிவரை சென்று, அருகிலுள்ள அமன் லாட்ஜ் நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். எஞ்சிய சிறு தொலைவும் ரயில்தானே! குழந்தைகள் ஏமாறுவதில்லை. ஜூன் நடுவில் மழை வலுக்கத் தொடங்கியபின் நேரளிலிருந்து வண்டி கிடையாது. அக்டோபர்வரை மேற்பகுதியில் மட்டுமே ஓடும். ஆகவே கோடை உலாவுக்கு மே மாதமே உரியது.

மேலே பார்க்க வேண்டிய முனைகள் பல. அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க முயன்று பிள்ளைகளைக் களைப்படையச் செய்ய வேண்டாம். ஊருக்கே குடிநீர் தரும் சார்லட் ஏரியும், எதிரொலி கேட்கும் முனை ஒன்றும் போதும். எதிரொலிமுனையில் மற்றவர்கள் தத்தம் மொழியில் கூவிக்கொண்டிருக்க, நம் பிள்ளைகள் ‘அம்மா’ என்று கூவினார்கள். மலை பிழையில்லாமல் திருப்பிச் சொல்லிற்று. புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். அங்குள்ள குரங்குகள் சிறிதும் கூச்சமற்றவை. நாங்கள் கொண்டுபோன தயிர்ச்சாதத்தில் பாதி அவற்றுக்கே சென்றது. செம்மண் ஒட்டிய காலணியைத் துடைக்கப் பழந்துணி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வாங்கி வர வேண்டுமானால் கடைத்தெருவில் கடலைமிட்டாய் கிடைக்கும். அங்கே அதற்குச் சிக்கி என்று பெயர்.

மாலை வண்டி நேரளுக்கு இறங்கி வரும்போது பிள்ளைகளில் பாதிப்பேர் உறங்கிப்போயிருப்பார்கள். உறங்காதவர்களை நேரள் நிலையத்தில் சிறிது நிறுத்தி, இரண்டடித் தண்டவாளத்தில் நிற்கும் சிறு ரயிலையும், பக்கத்துப் பாதையில் மும்பைக்குப் புறப்பட நிற்கும் பெரிய ரயிலையும் ஒருசேரப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியதில் இடம் பிடிக்க நீங்கள் ஓட வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு நிமிடம் கிடைக்கும்.